பாட்டிலில் 100, சிரிஞ்சில் 40: இன்சுலினை எந்தக் கோடு வரை இழுப்பது?

கேள்வி: அம்மாவுக்கு டாக்டர் காலையில் 12 யூனிட் இன்சுலின் எழுதியிருக்கிறார். புதிதாக வாங்கிய பாட்டிலில் '30/70, 100 ஐ.யு./மி.லி., 10 மி.லி.' என்று இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் சிரிஞ்சில் 'யு-40' என்று போட்டிருக்கிறது. 12 என்ற கோடு வரை இழுத்தால் சரிதானே?

பதில்: இல்லை, அந்தச் சிரிஞ்சைத் தொடாதீர்கள். லேபிளில் உள்ள எண்களில் உங்களுக்கு முக்கியமானது '100 ஐ.யு./மி.லி.' ஒன்றுதான். ஒரு மில்லியில் 100 யூனிட் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். யு-40 சிரிஞ்சின் கோடுகளோ, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்காகப் போட்டவை. அதில் 12 வரை இழுத்தால் 0.3 மில்லி வரும். இந்தப் பாட்டிலிலிருந்து 0.3 மில்லி என்றால் 30 யூனிட்! அம்மாவுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். தலைகீழாக, 40 பாட்டிலுக்கு 100 சிரிஞ்சு போட்டால் 12-க்குப் பதில் 4.8 யூனிட்தான் உள்ளே போகும்.

கணக்குப் போட்டுச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் போடும் ஊசிக்குக் கணக்கு ஆகாது. யு-100 சிரிஞ்சு வாங்கி 12 யூனிட்டைக் காட்டும் கோடு வரை எடுங்கள். வழக்கமாக யு-40-க்குச் சிவப்பு மூடி, யு-100-க்கு ஆரஞ்சு மூடி; ஆனாலும் நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

ஏற்கெனவே யு-40 சிரிஞ்சில் 12 வரை இழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சுகர் பார்த்து டாக்டரைக் கூப்பிடுங்கள். வியர்வை, நடுக்கம் இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், 30/70 என்பது அளவு அல்ல. சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு. சில பெட்டிகளில் இதையே 70/30 என்று திருப்பிப் போட்டிருப்பார்கள். மெதுவான பங்கு அடியில் வெள்ளையாகத் தங்கும். பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். முழுக்கப் பால் போல ஆன பிறகே எடுக்க வேண்டும். 10 மி.லி. என்பது பாட்டிலின் மொத்த அளவு.

காலாவதித் தேதி, திறக்காமல் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்த பாட்டிலுக்கு மட்டும். திறந்துவிட்டால் பல இன்சுலின்களுக்கு நான்கு வாரம், சிலவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல்; உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.