ஆறு பேர் வேலை செய்யும் கடையில் யாரிடம் போய்ச் சொல்வது?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மொத்தமே ஆறு பேர். சரக்கு எடுக்க மாடிக்குப் போனால் முதலாளி பின்னாலேயே வந்து உரசுகிறார், அசிங்கமாகப் பேசுகிறார். இரண்டு மாதமாக இப்படித்தான். யாரும் பார்த்ததில்லை. வீட்டில் சொன்னால் வேலைக்கே போகாதே என்பார்கள்.

பதில்: என்னிடம் வரும் பெண்கள் பலர் முதலில் சட்டத்தைக் கேட்பதில்லை. "வீட்டுக்குத் தெரியாம முடியுமா மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். தப்பு செய்தவர் கல்லாவில் உட்கார்ந்திருக்க, நீங்கள் சம்பளத்தை இழப்பது அநியாயம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் கொடுத்தவரின் பெயர், முகவரியை யாரும் வெளியிடக் கூடாது. கடிதம் வீட்டுக்கு வருமே என்ற பயம் இருந்தால், தொடர்புக்கு வேறு முகவரி கொடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். ஆனால் ஆறு பேர் உள்ள கடையில் யார் என்று ஊகித்துவிடுவார்கள், அதை மறைக்க மாட்டேன். அதனால் அக்காவோ சித்தியோ, உங்கள் பக்கம் நிற்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான கடையில் உள்ளகக் குழு, அதாவது இப்படிப்பட்ட புகாரைக் கடைக்குள்ளேயே விசாரிக்கும் குழு, இருக்காது. முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம்தான் போக வேண்டும். மதுரை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கும் போன் செய்யலாம். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

சாட்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு பெண் தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அன்று நடந்தது, மணி, கல்லாவில் யார் இருந்தார் என்று பென்சிலில் எழுதியிருந்தார். அன்றன்றைக்கு எழுதிய குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நிரூபிக்க முடியாமல் போனால் 'பொய்ப் புகார்' என்று உங்கள் மேல் திருப்புவார்களோ என்ற பயம் வேண்டாம். நிரூபிக்க முடியாததற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை விடுப்பு வேண்டும் என்று குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே உள்ள விடுப்பில் கழியாது. போலீசில் புகார் கொடுக்கும் வழியும் தனியாக இருக்கிறது. "பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது வந்தால், சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்கும், அதிலும் பணம் வாங்கி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

சரி, இன்று இரவே தேதிவாரியாக எழுத ஆரம்பியுங்கள். புகாரை ஆறு பிரதி எடுத்துக் குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கென்று ஏழாவதாக ஒன்று எடுத்து, அதில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.