வெள்ளாட்டு மயிருக்கு அரசாங்கப் பணமா?

கேள்வி: டெக்ஸாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், எட்வர்ட்ஸ் கவுன்டியில் ராக்ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய் வந்தானாம். அங்கே ஆட்டு மயிருக்கு அரசாங்கமே பணம் கொடுத்ததாகச் சொல்கிறான். கதை விடுகிறானா?
– வாசகர், கரூர்

பதில்: கதை இல்லை. கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. எட்வர்ட்ஸ் கவுன்டி பாறைக்காடு, மேலே மெல்லிசாக மண், உழுது பயிர் வைக்க வழியில்லை. ஓக்கும் ஜூனிபரும்தான் வளரும், அந்தத் தழையைக் கடித்தே பிழைக்கிற அங்கோரா வெள்ளாடுதான் அங்கே வருமானம். அதன் மினுமினுப்பான மயிர்தான் மோஹேர். வருடத்துக்கு ரெண்டு தடவை கத்தரிப்பார்கள். கத்தரித்த கையோடு குளிர்மழை பிடித்துக்கொண்டால் மந்தையே விறைத்துச் சாகும், அதனால் முதுகில் ஒரு பட்டை மயிரை அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு.

மானியம் வந்தது 1954-ல், தேசிய கம்பளிச் சட்டத்தின் வழியாக. உலகப் போர், கொரியப் போர் எல்லாம் முடிந்திருந்த நேரம், சிப்பாய்களின் உடுப்புக்குக் கம்பளி வெளிநாட்டிலிருந்து வந்தால் ஆபத்து, உள்நாட்டிலேயே வருடத்துக்கு 30 கோடி பவுண்டு (ஒரு பவுண்டு எடை ஏறக்குறைய அரைக் கிலோ) விளைய வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பணத்துக்கு இறக்குமதிக் கம்பளியின் சுங்கவரியைக் காட்டினார்கள். செம்மறிக் கம்பளிக்கு வந்த சட்டத்தில் மோஹேரும் ஏறிக்கொண்டது! சிப்பாய் உடுப்புக்கும் மோஹேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. அந்த 30 கோடியை எட்டவே இல்லை, உற்பத்தி சரிந்துகொண்டேதான் போனது.

கேள்வி: மானியம் என்றால் ஏழை ஆட்டுக்காரருக்குத்தானே கூடுதலாகப் போயிருக்கும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அங்கேதான் வேடிக்கை. தொகையைச் சதவீதத்தில் போட்டார்கள். ஒரு பேச்சுக்கு, அரசு நினைத்த விலை பவுண்டுக்கு 4 டாலர், நாட்டுச் சராசரி 1 டாலர் என்று வையுங்கள். குறைகிற 3 டாலர், சராசரியில் 300 சதவீதம். அதை அவரவர் விற்ற விலைமேல் போடுவார்கள். மட்டமான மயிரை அரை டாலருக்கு விற்றவருக்கு ஒன்றரை டாலர், ஆட்டுக்குட்டியின் நல்ல மயிரை 2 டாலருக்கு விற்றவருக்கு 6 டாலர். தரம் உயரட்டும் என்று செய்தார்களாம். சரி, ஆனால் அதிகம் சம்பாதித்தவருக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. பெரிய மந்தை வைத்திருந்தவர் பாடு சொல்லவே வேண்டாம்.

1993-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இதை ஒழிக்க முடிவு செய்து, அடுத்த இரண்டு வருடமும் குறைத்துக் கொடுத்து, 1995-ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தியது. அதே 1993-ல்தான் போயர் என்ற கறி ஆடு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது, பலர் மயிரை விட்டுவிட்டுக் கறிக்குப் போய்விட்டார்கள். பத்திரிகைகள் மோஹேரை வீண்செலவுக்கு உதாரணமாக வைத்துக் கேலி செய்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாறையில் வேறு என்ன செய்வார்கள் என்று கேலி செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: அப்புறம் அது முடிந்துபோன கதைதானே?
– வாசகர், சேலம்

பதில்: எங்கே முடிந்தது! 2002-ஆம் வருட வேளாண் சட்டத்தில் கம்பளியும் மோஹேரும் வேறு உருவத்தில் திரும்பி வந்தன. இந்தத் தடவை சதவீதம் கிடையாது, மோஹேருக்குப் பவுண்டுக்கு 4 டாலர் 20 சென்ட் என்று கடன் விலை ஒன்று, அதாவது மயிரை ஈடாக வைத்தால் அரசு கடன் தரும் விலை, வைத்தார்கள். சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால் வித்தியாசத்தை அரசு தரும், மேலே போனால் ஒன்றும் கிடையாது.