கையில் பட்டாலே பெனால்டியா?

கேள்வி: பாடசாலை உதைபந்தாட்டப் போட்டியில் என் மகன் சறுக்கி விழுந்தபோது, நிலத்தில் ஊன்றிய கையில் பந்து பட்டது. உடனே பெனால்டி. பிள்ளை அழுதழுது வீட்டுக்கு வந்தான். கையில் பட்டால் குற்றம்தான் என்று மற்றப் பெற்றோரும் சொல்கிறார்கள். அது சரியா?
– தாய் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: சரியில்லை, அம்மா. வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். கையை இயல்புக்கு மாறாக விரித்து உடலைப் பெரிதாக்கி, அதில் பந்து பட்டாலும் குற்றம். விழுகிற பிள்ளை உடம்பைத் தாங்கக் கை ஊன்றாமல் வேறென்ன செய்யும்? 2019இல் விதிப் புத்தகமே இதைக் குற்றமல்ல என்று தனியாக எழுதியிருந்தது. 2021இல் அந்த வரியை எடுத்துவிட்டு, கை இருந்த நிலை உடலின் அசைவுக்குப் பொருந்துகிறதா என்று மத்தியஸ்தரே தீர்மானிக்கட்டும் என விட்டார்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான். எனக்கு அந்தப் பழைய வரிதான் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு.

2024 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் உதைபந்தாட்டத் தொடரில், காலிறுதியின்போது ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குகுரேயாவின் கையில் பட்டது. பெனால்டி இல்லை. காணொளி உதவி இருந்தும் அந்த வாதம் ஓயவில்லை.

அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே தோளில் பட்டால் அது கையே அல்ல என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். சறுக்கும்போது கையைப் பக்கவாட்டில் நீட்டாமல் உடம்புக்குக் கீழே ஊன்றப் பயிற்சியாளரிடம் பழகட்டும்.