நாய் எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் புதிதாக ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறோம். அவளுக்குக் காட்டலாம் என்று டிஸ்னியின் ‘ஓல்ட் யெல்லர்’ என்ற நாய்ப் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசியில் நாயைச் சுட்டுவிடுவார்களாமே? அதற்கு முன்பே நிறுத்திவிட்டு, நாய் பழைய சொந்தக்காரரிடம் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா? இல்லை, லாஸி படமே போதுமா? ‘ஓல்ட் யெல்லர்’ படப்பிடிப்பில் அந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே?

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றும் ஆகவில்லை. ஸ்பைக் என்று பெயர், காப்பகத்திலிருந்து எடுத்துவந்து பழக்கிய நாய், 1957ல் இந்தப் படம் வந்த பிறகும் நடித்தது. லாஸியையும் காட்டுங்கள், யார் வேண்டாம் என்றது?

அந்தப் பொய் மட்டும் வேண்டாம். மகள் அழுவாளே என்ற கவலையா, அழுதால் பதில் சொல்ல வேண்டுமே என்ற சோம்பலா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் இதே பொய்யில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு நாயை வெறிநாய் கடித்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நாயைக் காணோம். மாமா தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்பியிருக்கு என்றார் அப்பா. மறுநாளிலிருந்து எனக்கும் தங்கைக்கும் தொப்புளைச் சுற்றி ஊசி, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்து மருந்து. எதற்கு என்று கேட்டால் சத்து ஊசியாம். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதற்கென்று சோறு கட்டிக்கொண்டு போவேன். மாமாவும் கூச்சமே இல்லாமல், ‘இப்பத்தான் வாய்க்கால் பக்கம் போச்சு’ என்பார். நாயைக் கொன்றதை நான் எப்போதோ புரிந்துகொண்டேன், வேறு வழியில்லை. அந்தச் சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சும்மா இருந்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

படத்தில் வரும் அம்மாவைக் கவனியுங்கள். 1860களின் கடைசி, டெக்சாஸில் தனி வீடு, புருஷன் மாடு ஓட்டிக்கொண்டு கன்சாஸ் போயிருக்கிறான். பாஸ்டரின் வெறிநோய்த் தடுப்பூசி வந்ததே 1885ல். தங்கள் மேல் பாய்ந்த ஓநாயோடு நாய் கட்டிப் புரண்டு கடிபட்டதும், ஓநாய்க்கு வெறி, இனி நாய்க்கும் வரலாம் என்று மூத்தவன் டிராவிஸிடம் நேராகச் சொல்கிறாள். படத்துக்கு மூலமான ஃப்ரெட் கிப்ஸனின் நாவலில் அன்று இரவே சுட்டாக வேண்டும். படத்தில் நாயைச் சோளக் கிடங்கில் அடைத்து, வெறி வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் படம் எடுத்த டிஸ்னியே கொடுத்த சலுகை அவ்வளவுதான். கடைசியில் வெறி வந்துவிட, அம்மா துப்பாக்கியோடு வரும்போது, என் நாய், நானே செய்கிறேன் என்கிறான் பையன். விஷயம் தெரிந்த பிள்ளை அவன். ஒன்றும் புரியாத சின்னவன் ஆர்லிஸ்தான் நாயை வெளியே விடப் போய் அந்தக் கிடங்குக் கதவைத் திறக்கிறான்! சுடுகிற காட்சியை விட எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த இடம்தான்.

எனவே முழுப் படத்தையும் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. ஃபோனைப் பார்த்துக்கொண்டு அல்ல.

அப்புறம், குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? மூன்று மாதத்தில் போட வேண்டும். இத்தனை கேட்டு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.