என் புகையா, அவள் குடும்பத்து ரத்தமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 53 வயது, என் மகளுக்கு 23. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில், வலது கண் மங்கலாகத் தெரிகிறது, அசைத்தால் வலிக்கிறது என்றாள். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தோம். கண் மருத்துவர் பார்த்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்து, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்றார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோயாம். ஸ்டீராய்டு ஏற்றியதில் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறாள், வேலைக்கும் போகிறாள்.

உடைந்து போயிருப்பது நாங்கள்தான். நான் 25 ஆண்டுகளுக்கு மேலாகச் சிகரெட் பிடிப்பவன். அவள் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குள்ளேயே, அவளை மடியில் வைத்துக்கொண்டே பிடித்திருக்கிறேன். புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் மனைவியும் அதைப் படித்துவிட்டாள். "பிள்ளையைக் கெடுத்தது நீங்கள்தான்" என்கிறாள். அவளுடைய அக்காவுக்கு 1980களில் இதே நோய் வந்து, பத்தே வருடத்தில் சக்கர நாற்காலிக்குப் போய்விட்டார். நானும் ஒரு நாள் கோபத்தில், "உங்கள் குடும்பத்து ரத்தம்தான் காரணம்" என்று சொல்லிவிட்டேன். போதாக்குறைக்கு, 15 வயதில் மகள் தொண்டை வீங்கி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாள். மோனோநியூக்ளியோசிஸ் என்றார்கள். அதுவும் ஒரு காரணமாம். அப்போதே பெரிய மருத்துவராகப் பார்த்திருந்தால் என்று அதையும் சேர்த்து நொந்துகொள்கிறோம்.

போன வாரம் மகள் அறையிலிருந்து வெளியே வந்து, "நான் என்ன கேஸா, ரெண்டு பேரும் இப்படி வாதாடிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களுக்கு 15 வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? உண்மையைச் சொல்லுங்கள், என் மகளுக்கு இந்த நோயைக் கொடுத்தது நானா? சிகரெட்டை இன்னும் விட முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் மாடியில் நின்று பிடிக்கிறேன்.

ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்களுக்கும் சற்றுக் கூடுகிறது. புகைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லி உங்களைத் தூங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்த ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக, ஆயிரம் பேரில் 2 பேருக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் பேரும் சிகரெட் பிடித்தால் 2 என்பது 3 ஆகும். மற்ற 997 பேருக்கு வராது. அந்த மூவரையும் முன்னால் நிறுத்தி, புகையால் வந்தது இவருக்குத்தான் என்று விரல் நீட்ட எந்த மருத்துவராலும் முடியாது. ஆபத்துக் காரணி என்பது ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் மகள் என்ற ஒருத்திக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இல்லாத விடையைத் தேடித்தான் இருவரும் தூக்கத்தைத் தொலைக்கிறீர்கள்.

உங்கள் மனைவி வீட்டு 'ரத்தத்துக்கு' வருவோம். கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் அந்த வார்த்தை அவரை எவ்வளவு வெட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. 2019-இல் எம்.எஸ். உள்ள 47,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்ததில், நோயோடு தொடர்புடைய 233 மரபணு வேறுபாடுகள் தெரியவந்தன. அவற்றில் கனமானது எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் 15:01 என்ற வகை. அது ஒன்றே வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும். மீதியில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் கூட்டுகின்றன, அந்தத் துளிகள் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. உங்கள் பக்கத்திலிருந்தும் சில வந்திருக்கும் ஐயா. மனைவியின் அக்காவுக்கு நோய் வெளிப்பட்டதால் அந்தக் குடும்பம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு எப்போதும் மனதில் நிற்பது இரட்டையர் கணக்கு. ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணுவில் அச்சு அசலாக ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால், மற்றவருக்கு வருவது 100-இல் ஏறத்தாழ 25 ஜோடிகளில் மட்டும். மீதி 75 ஜோடிகளில் அதே மரபணுக்களை வைத்துக்கொண்டு ஒருவர் நோயில்லாமல் இருக்கிறார். மரபணு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெறும் வீட்டுச் சூழலும் போதாது. நோயுள்ள குடும்பத்துக்குத் தத்து வந்து வளர்ந்தவர்களைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு வாய்ப்பு ஊரில் மற்ற எல்லோருக்கும் உள்ள அளவுதான்.

அந்தக் காய்ச்சலையும் பார்த்துவிடுவோம். மோனோநியூக்ளியோசிஸை உண்டாக்குவது பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ். 2022-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டு காலம் பின்தொடர்ந்தது. இந்த வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறியது. இன்று நாம் அறிந்த காரணிகளிலேயே மிக வலுவானது இதுதான். ஆனால் இதே வைரஸ் உலகில் வயது வந்தவர்களில் 100-க்கு 95 பேர் உடம்பில் இருக்கிறது, எச்சில் வழியாகப் பரவுகிறது. எந்தப் பெற்றோராலும் மறிக்க முடியாத ஒன்று. அன்று எவ்வளவு பெரிய மருத்துவரிடம் போயிருந்தாலும், பின்னால் வந்ததைத் தடுக்கும் மருந்து அவரிடம் இருந்திருக்காது. இந்த ஒரு பாரத்தையாவது இருவரும் இன்றே இறக்கி வையுங்கள்.

மரபணு, வைரஸ், புகை, சூரிய ஒளியும் வைட்டமின் டி-யும் குறைவது, பதின்வயதில் உடல் எடை மிகக் கூடுவது, இவையெல்லாம் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடும். குறிப்பிட்ட மரபணு உள்ளவர் புகைக்கும்போது ஆபத்து வெறும் கூட்டலாக அல்லாமல் பன்மடங்காக ஏறுகிறது. அதனால்தான் உங்கள் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பே வராது. இரண்டு கை தட்டி எழுந்த ஓசையில் வலது கையின் சத்தம் எவ்வளவு, இடது கையின் சத்தம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள் பார்க்கலாம்.

ஒன்று கவனித்தேன். நீங்கள் குற்றத்தைச் சுமப்பதும் உங்கள் மனைவி குற்றம் சாட்டுவதும் ஒரே பயத்திலிருந்துதான் வருகின்றன. ஒரு காரணமும் இல்லாமல் பிள்ளைக்கு இப்படி நடக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, யாரோ ஒருவர் தவறு செய்தார் என்று நம்புவது மனதுக்கு எளிது. அப்புறம், உங்கள் மனைவி ஒவ்வொரு நாளும் மகளைப் பார்க்கும்போது அக்காவின் நாற்காலியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார். அக்காவுக்கு நோய் வந்த 1980களில் இதன் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுகூட இல்லை. முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1993-இல்தான். இன்று அப்படிப்பட்ட மருந்துகள் பல இருக்கின்றன, உங்கள் மகள் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறாள். பெரியம்மாவின் கதைதான் இவளுக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதை நரம்பியல் மருத்துவர் வாயால் உங்கள் மனைவி கேட்க வேண்டும்.

மகனைப் பற்றி. உடன்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு 100-இல் ஏறத்தாழ 3. மற்ற 97 பேருக்கு வராது. பெண்களை விட ஆண்களுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. மரபணுப் பரிசோதனை வேண்டாம். அந்த 15:01 வகை இருப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. முடிவு எப்படி வந்தாலும் பயம்தான் மிஞ்சும். அவன் கை மரத்துப் போகும்போதெல்லாம் பதறாதீர்கள். ஒரு கண்ணில் வலியோடு மங்கல், ஒரு நாளுக்கு மேல் நீளும் மரமரப்பு அல்லது பலவீனம் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் எடை மீறாமல் ஓடியாடட்டும், சிகரெட்டைத் தொடாமல் இருக்கட்டும்.

அதை அவனிடம் மாடியில் நின்றுகொண்டு சொல்ல முடியாது, இல்லையா? பழைய புகையை உங்களால் திரும்ப எடுக்க முடியாது. நாளைய புகை உங்கள் கையில் இருக்கிறது. சிகரெட்டை விடுவதைத் தண்டனையாக நினைக்காதீர்கள், குற்ற உணர்ச்சி ஏறினால் கை மறுபடியும் சிகரெட்டைத்தான் தேடும். மருத்துவரிடம் போய் நிகோடின் மாற்றுச் சிகிச்சை கேளுங்கள். மறைக்காமல், விட முயல்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மகளிடம் பேசும்போது மன்னிப்பை அவள் தலையில் கட்டாதீர்கள். "என்னால்தானா?" என்று நீங்கள் அழுதால், உங்களைத் தேற்றும் வேலையும் அவளுக்கு வந்துவிடும். "வீட்டுக்குள் புகை பிடித்தது தப்பு, அதற்காக வருந்துகிறேன். நாங்கள் இருவரும் சண்டை போட்டதும் தப்பு. இனி உன் முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அது நடக்காது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கூட வரலாமா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். சரி என்றால் இருவருமே போங்கள், அங்கே முதல் கேள்வியை அவள் கேட்கட்டும்.