ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தவள்

கேள்வி: நாமக்கல் பக்கத்து கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மகள், பிளஸ் டூவில் நல்ல கட்-ஆஃப் வாங்கியிருக்கிறாள். கவுன்சலிங்கில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்; தோட்டத்து போர் மோட்டார் நின்றுவிட்டால் அவளே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சரிசெய்துவிடுவாள். ஆனால் கரன்ட், மெஷின் எல்லாம் பெண்பிள்ளைக்குச் சரிவருமா? வரன் தேடும்போது இடைஞ்சலாகாதா? உள்ளூர் மகளிர் கல்லூரியில் பி.காம். போதும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: ஐயா, அவள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? தோட்டத்துக்கு வருவது மூன்று பேஸ் கரன்ட். சுமார் 400 வோல்ட். யாரும் சொல்லித்தராமல் ஒரு சிறுமி அதில் கைவைத்தாள். தண்ணீர் பாய்ந்தது, கூலியும் மிச்சம். அப்போது அவள் பெண்பிள்ளை என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. படிக்காமல் தொட்டபோது வராத பயம், படித்துவிட்டுத் தொடப்போகிறேன் என்கிறபோது வருகிறதா? அதை ஆபத்தில்லாமல் செய்யத்தான் நாலு வருஷம் சொல்லித்தருகிறார்கள்.

இதே கேள்வியோடு எத்தனையோ தகப்பன்மார் எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் பப்பு சுப்பாராவைப் பற்றித்தான் சொல்லுவேன். கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். மகள் லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், மடியில் 4 மாதக் குழந்தை. மகளை மூலையில் உட்காரவைக்கவில்லை அவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில், முதல்வரிடம் தானே பேசி, 1940-ல் அவளை மின் பொறியியலில் சேர்த்தார். பட்டச் சான்றிதழில் 'ஹி' என்று அச்சாகியிருந்ததை அடித்து, 'ஷி' என்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின் ஜெனரேட்டர்களுக்காக வேலை பார்த்தார் லலிதா. தகப்பனின் கடமை என்று நான் சொல்வது இதைத்தான்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, எழுதவும் முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஆக, மிச்சமிருப்பது வரன் ஒன்றுதான்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். குடும்பம் பெரிது என்று நம்புகிறவள். ஆனால் மோட்டார் வேலை தெரிந்த மருமகள் வேண்டாம் என்று எழுந்துபோகிற வீடு போகட்டும் ஐயா! அங்கே போய் அவள் என்னவாகியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லூரிப் பட்டியலை அவளே போடட்டும், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் டவுனுக்குப் போய் ஒரு நல்ல டெஸ்டரும் ரப்பர் கையுறையும் வாங்கி வாருங்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அதை வாங்கிக் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.