மோசடி நம்பரைப் போட்டோவோடு போஸ்டர் ஒட்டினோம், வழக்கு வருமா?

கேள்வி: நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். ‘கரண்ட் பில் அப்டேட் ஆகவில்லை, இன்று ராத்திரி 9.30-க்கு கனெக்‌ஷன் கட்’ என்று எங்கள் பகுதியில் பலருக்கும் அழைப்பு வந்தது. ஒரு உறுப்பினரின் மாமனார், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆப்பை ஏற்றி நேற்று 38,000 ரூபாய் இழந்துவிட்டார். அழைத்த நம்பரையும் அதன் வாட்ஸ்அப் போட்டோவையும் சங்க குரூப்பில் போட்டு, ‘இவன் திருடன்’ என்று பிரிண்ட் எடுத்து அபார்ட்மெண்ட் வாசல்களில் ஒட்டினோம். இப்போது அந்த நம்பருக்கு உரியவர் சேலத்திலிருந்து பேசுகிறார். தான் யாரையும் அழைக்கவே இல்லை, யார் யாரோ போன் செய்து அசிங்கமாகத் திட்டுகிறார்கள், மானநஷ்ட வழக்கு போடுவேன் என்கிறார். குரூப் அட்மின் என்பதால் என் மேல் கேஸ் வருமா?

பதில்: சார், முதலில் அந்தப் பணம். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. இந்தக் கும்பல் பணத்தை நிமிடக் கணக்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகும், 1930-ல் புகார் பதிவானால் அந்தப் பணம் போன வங்கிகளுக்கெல்லாம் தகவல் போய், மிச்சமிருப்பதை அங்கேயே முடக்க முடியும். பெரியவரையே பேசச் சொல்லுங்கள், கையில் வங்கி எஸ்எம்எஸ் இருக்கட்டும். கையோடு வங்கிக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முடக்கிய பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 503 வழி செய்கிறது.

சரி, போஸ்டருக்கு வருவோம். இன்றைக்கே கிழித்துவிடுங்கள். சாஃப்ட்வேர் வழியாக அழைப்பவர்கள் உங்கள் திரையில் வேறு யாருடைய நம்பரையோ தெரிய வைக்க முடியும். அந்த நம்பரை நீங்கள் சேவ் செய்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் வந்து நிற்பது அந்த நம்பரை நிஜமாகவே வைத்திருப்பவரின் முகம், திருடனுடையது அல்ல. சேலத்துக்காரர் சொல்வது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதற்காக அப்படியே நம்பவும் வேண்டாம், ஒன்றைச் சரிபாருங்கள்: பெரியவருக்கு அந்த ஆப் எந்த நம்பரிலிருந்து வந்தது? அழைப்பில் தெரிந்த நம்பரும் அதுவும் ஒன்றுதானா? வேறு வேறு என்றால் அவர் பக்கம் நியாயம் கூடுகிறது. ஒன்றே என்றால் அவருடைய வாட்ஸ்அப்பை வேறு யாரோ கைப்பற்றியிருக்கலாம், அல்லது அவருக்கே பங்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ், நீங்களோ நானோ அல்ல.

அவதூறு என்பது பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 356, இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை) அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அதில் விதிவிலக்குகள் உண்டு. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பது அவதூறு ஆகாது. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதும் ஆகாது. ஆனால் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பது தக்க கவனத்தோடு செய்ததைத்தான். ‘இந்த நம்பரிலிருந்து இப்படி ஒரு அழைப்பு வந்தது, ஜாக்கிரதை’ என்பது நடந்த விஷயம், அதற்கு நான் தைரியமாக வாதாடுவேன். விசாரிக்காமல் ஒருவர் முகத்தைப் போட்டுத் திருடன் என்பதற்கு வாதாடுவது கஷ்டம். இந்தக் குற்றத்துக்கு ஸ்டேஷனில் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். அதனால் யாராவது ஸ்டேஷன் பெயரைச் சொல்லி மிரட்டினால் பதற வேண்டாம்.

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மேல் பழி வராது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2021-ல் ஒரு வழக்கறிஞர் குரூப் விவகாரத்தில், வெறும் அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாவிட்டால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கச் சொன்னது. ஆனால் பிரிண்ட் எடுத்து ஒட்டியது நீங்கள் எல்லோரும் சேர்ந்து, அங்கே அட்மின் என்ற வாதம் உதவாது. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த வசவு போன்கள். உங்கள் உறுப்பினர் யாராவது மிரட்டியிருந்தால் அது பிரிவு 351-ல் தனிக் குற்றம், போனை எடுத்தது அவர் வீட்டுப் பெண்ணாக இருந்து, அவரிடம் ஆபாசமாகப் பேசியிருந்தால் பிரிவு 79-ம் சேரும். குரூப்பில் இன்றே எழுதுங்கள், இனி யாரும் அந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது என்று.

தெருவே சேர்ந்து புகார் செய்வது நல்ல விஷயம், அதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். பணம் போகாத மோசடி அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற வசதி இருக்கிறது, கடந்த 30 நாட்களுக்குள் வந்ததை ஸ்கிரீன்ஷாட்டோடு ஏற்றலாம். சந்தேக நம்பரின் சிம்மை மறுபடி சரிபார்க்கச் சொல்வார்கள், தேறாவிட்டால் இணைப்பு போகும். லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்ற தொல்லை அழைப்பு என்றால் 1909 என்ற எண்ணில் ஏழு நாட்களுக்குள் சொல்ல வேண்டும், விளம்பர அழைப்பே வேண்டாம் என்று டி.என்.டி.யில் பதிவு செய்யாதவரும் சொல்லலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியை மாற்றியபோது, பத்து நாட்களில் ஐந்து புகார் வந்தாலே அந்த நம்பர் மேல் நடவடிக்கை என்று ஆக்கிவிட்டது, முன்பு ஏழு நாட்களில் பத்து புகார் வேண்டும். ஆகவே செயலாளர் ஒருவர் எல்லோருக்காகவும் அனுப்புவதில் பலன் குறைவு, அழைப்பு வந்த ஒவ்வொருவரும் தன் தன் போனிலிருந்து அனுப்ப வேண்டும். வயதானவர்களுக்கு யாராவது இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும். வாசலில் ஒட்டுவதென்றால் நம்பரை விட்டுவிட்டு முறையை எழுதுங்கள்: கரண்ட் கட் என்று மிரட்டினால் போனை வையுங்கள், மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-ல் கேளுங்கள், யார் அனுப்பிய ஆப்பையும் ஏற்றாதீர்கள். கும்பல் நாளைக்கே வேறு நம்பரில் வரும், கதை மட்டும் அதேதான்.

சேலத்துக்காரருக்கு நீங்களே போன் செய்யுங்கள். போஸ்டரை எடுத்துவிட்டோம், குரூப்பிலும் திருத்தம் போட்டுவிட்டோம் என்று சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்புங்கள். தன் நம்பரைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அவரையும் சைபர் கிரைம் தளத்தில் ஒரு புகார் பதியச் சொல்லுங்கள், அது அவருக்கும் பாதுகாப்பு, பெரியவரின் புகாருக்கும் உதவும். குரூப்பில் அந்தப் போட்டோவை அழிப்பதற்கு முன் முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் பதில் போக வேண்டும், அதை நீங்களே எழுதாமல் ஒரு வக்கீலிடம் கொடுங்கள்.